நாள் குறித்தும் நடவாத தேர்தல்கள்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை வேளை. எங்கள் பங்கைச் சேர்ந்த, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். தெருவிளக்கு எரியாமல் இருபது நாளாயிற்றாம். வாய்க்கால் தூர்ந்து கழிவுநீர் வாசற்படிக்கே வந்துவிட்டதாம். கொம்யூன் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றார். எழுதிக்கொண்டிருந்த நான், "உங்கள் பகுதிக்கு உறுப்பினர் யார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"மேர் இருந்த காலத்திலே அவரு வூட்டுத் திண்ணையிலே போய் நிப்போம், சாமி. இப்ப அங்க யாரு இருக்கா? நீங்கதான் இருக்கீங்க."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் அப்போது மகிழ்ச்சியாகவே இருந்தது. மனுவில் கையொப்பம் வாங்கி, பங்கு முத்திரையும் இட்டு அனுப்பிவைத்தேன். இரவு உறக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அந்தச் சொற்கள் நெருடத் தொடங்கின. நான் யார்? அவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அல்லேன், ஆயரால் அனுப்பப்பட்டவன். நாளை வேறு பங்குக்கு மாற்றப்படுவேன். தெருவிளக்குக்காக ஒருவர் என்னிடம் வந்து நிற்கிறார் என்றால், அவர் சென்று நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை என்பது பொருள். அந்த இடம் ஏன் வெறுமையாயிற்று, எத்தனை முறை வெறுமையாயிற்று என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து முதியவர்கள் இன்றும் 'மேர்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு அரசு 1880 மார்ச்சு 12ஆம் நாள் பிறப்பித்த ஆணையால் பிரெஞ்சிந்தியா முழுவதும் பத்துக் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. புதுச்சேரிப் பகுதியில் நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் நெட்டப்பாக்கம், திருபுவனை முதலியனவும் தனிக் கொம்யூன்களாகிப் பதினேழாயின. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம். அதன் தலைவர் மேர். பிரான்சு நாட்டுச் சிற்றூருக்கு என்ன முறையோ, அதே முறை, பெயரளவிலேனும், பாகூர் ஏரிக்கரைக்கும் வந்துவிட்டது.

பெயரளவில் என்று சொன்னாலும் அதைச் சிறிதென்று தள்ள முடியாது. 1848இல் பிரான்சில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது அது இங்குள்ள குடிகளுக்கும் எட்டியது. இடையில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பறிபோய், 1871இல் மீண்டது. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. அக்கரையில் நிலவரியும் சொத்தும் கணக்கிட்டு வாக்குரிமை அளந்து கொடுக்கப்பட்டது. சொத்தில்லாத உழவுத் தொழிலாளி அங்கு வாக்களிக்க 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. இக்கரையில் அவன் பாட்டன் காலத்திலேயே வாக்காளன்.

ஆனால் எந்தப் பட்டியலில் வாக்காளன் என்பதில்தான் சூது இருந்தது. 1880இல் வாக்காளர் இரு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். 1884இல் மூன்றாயின: ஐரோப்பியரும் அவர் வழியினரும் ஒன்று, தம் மரபுவழிக் குடிமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் மற்றொன்று, ஏனைய இந்தியர் மூன்றாவது. சில நூறு பேர் கொண்ட முதற்பட்டியலின் குரலும், ஆயிரமாயிரமாய் விரிந்த மூன்றாம் பட்டியலின் குரலும் தராசில் ஒரே எடை பெற்றன. சட்டம் துறந்தோருள் நம் கத்தோலிக்கர் மிகுதி. ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. சாதியின் பிடியிலிருந்து வெளியேற அது ஒரு வாயில் என்று நம்பிச் சென்றார்கள். 1899இல் அவர்களுடைய தனிப்பட்டியல் நீக்கப்பட்டது. அந்நாளைய அரசியலை ஆட்டிப்படைத்த சண்முக வேலாயுத முதலியாரின் செல்வாக்கும், அதை எதிர்த்தோரின் சூழ்ச்சிகளும், ஆளுநர்கள் இருபுறமும் ஆடிய ஆட்டமும் சேர்ந்து, தேர்தல் நாள் என்றாலே வீட்டுக் கதவைத் தாழிடும் நாளாக்கிவிட்டன. செத்தவர் பெயரில் வாக்கு, சாராயம், தடியடி இவையெல்லாம் அக்காலத் தேர்தல்களின் உடன்பிறப்புகள். இதை எழுதும்போது எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தேர்தலைத் தள்ளிப்போட விரும்புவோர் பிற்காலத்தில் 'ஊர் அமைதி கெடும்' என்று சொன்னதற்கெல்லாம், இந்த அறுபது எழுபது ஆண்டுப் பழக்கமே சான்றாகப் பயன்பட்டிருக்குமோ?

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பட்டியல் வேறுபாடு ஒழிந்தது. பெண்களும் வாக்குப் பெற்றனர். 1946இல் வ. சுப்பையாவின் தலைமையிலான தேசிய சனநாயக முன்னணி நகரசபைகளைக் கைப்பற்றியது. மறு ஆண்டு இந்தியா விடுதலை பெற்றது. அப்போதுதான் நம் மண்ணின் மிகப் பெரிய தேர்தல், நடவாமலே போன அந்தத் தேர்தல், அறிவிக்கப்படுகிறது. நம் இளைஞர்களுள் பலர் இதை அறியார். ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

1948 சூன் மாதத்தில் இந்திய அரசும் பிரெஞ்சு அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்தியர் இந்தியாவோடு இணைவதா, பிரான்சோடு நீடிப்பதா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். அந்த வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் நகரசபைகள் வகுக்க வேண்டும். பிரான்சுக்கு இதில் ஒரு சட்டக் கட்டாயமும் இருந்தது. அந்நாட்டின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, அங்கு வாழும் மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் பிறருக்கு விட்டுக்கொடுக்கலாகாது என்றது. நாளைக் குறிக்க வேண்டிய நகரசபைகளுக்கு முதலில் புதிதாகத் தேர்தல் வைத்தார்கள். 1948 அக்டோபர் 24ஆம் நாள் அது நடந்தது. எதுவார் குபேர் முன்னின்ற பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி பெருவெற்றி பெற்றது. தேர்தல் நேர்மையாக நடக்கவில்லை என்று இணைப்புக் கட்சியினர் முழங்கினர். மாகேயில் வாக்குச்சாவடிக்கே வேலை வரவில்லை. வாக்காளர் அடையாளச் சீட்டு வழங்கியதில் எழுந்த பூசலில் மக்கள் திரண்டு நிர்வாகத்தையே கைப்பற்றினர். சில நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் வந்து அதை மீட்டது. ஒரு சீட்டுக்காக ஓர் ஊரின் ஆட்சி கைமாறியது.

சந்திரநாகூர் 1949 சூன் 19ஆம் நாள் வாக்களித்தது. இந்தியாவோடு இணைய 7,473 வாக்குகள்; எதிராக 114. மற்றப் பகுதிகளுக்கு 1949 டிசம்பர் 11 என்று நாள் குறிக்கப்பட்டது. அந்த நாள் வந்தது, வாக்கெடுப்பு வரவில்லை. வாக்காளர் பட்டியலைத் திருத்த வேண்டும் என்றார்கள். நடுநிலையாளர் வர வேண்டும் என்றார்கள். ஊர் அடங்கட்டும் என்றார்கள். 1951இல் பன்னாட்டு நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து சுற்றிப் பார்த்தார்கள். மக்கள் அஞ்சாமல் வாக்களிக்கும் சூழல் இங்கில்லை என்பதே அவர்கள் கண்டது. அதே ஆண்டு பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில் குபேர் வாக்குகளை அள்ளிக்கொண்டார். அதுவரை அந்த இடத்தில் அமர்ந்திருந்த லாம்பெர் சரவணனுக்குக் கிடைத்தவை மிகச் சொற்பம். ஒருவருக்கே அத்தனை வாக்குகளும் விழும் தேர்தலை எந்த நாட்டிலும் யாரும் நம்புவதில்லை. 1952இல் இந்தியா வாக்கெடுப்புப் பேச்சையே கைவிட்டு, பகுதிகளை நேராக ஒப்படைக்குமாறு கோரியது.

பின்னர் நடந்தது விரைவு. 1954 மார்ச்சு 18ஆம் நாள் புதுச்சேரியும் சுற்றியுள்ள ஏழு கொம்யூன்களும் சேர்ந்து, வாக்கெடுப்பே வேண்டாம், இணைப்பே வேண்டும் என்று தீர்மானித்தன. நேற்றுவரை பிரான்சின் பக்கம் நின்ற குபேரே நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியின் கீழ் நின்றார். அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் ஒரு கொட்டகையின் கீழ்ப் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினரும் நகரசபை உறுப்பினரும் கூடினர். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம். 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி முழுமை பெற்றது. ஆண்டுதோறும் அந்த ஆகஸ்டு நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செய்கிறோம்.

இணைப்பு மக்கள் விரும்பியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் விடை அதுவாகவே இருந்திருக்கும். ஆயினும் மக்கள் எல்லோரும் அளிக்க வேண்டியிருந்த வாக்கை 178 பேர் அளித்தார்கள். அவர்கள் வந்ததோ, பழுதுற்றவை என்று அவர்களுள் பலரே பின்னர் ஒத்துக்கொண்ட தேர்தல்கள் வழியாக. கெட்ட தேர்தலால் வந்தவர்கள், நல்ல தேர்தல் நடத்த இயலாது என்பதையே காரணமாக்கி, மக்களுக்காகத் தாமே முடிவு செய்தனர். முடிவு நல்லதாய் அமைந்துவிட்டதால் முறையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. முறையைப் பற்றிக் கேட்காத அந்தப் பழக்கம் பின்னாளில் நமக்கு நன்மை செய்யவில்லை.

இணைப்புக்குப் பின்னும் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி முறையே தொடர்ந்தது. அதன் கீழ்க் கடைசித் தேர்தல் 1968இல் நடந்தது. 1973இல் புதிய நகராட்சிச் சட்டமும், கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் இயற்றப்பட்டு, 1974 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தன. புதிய சட்டத்தின்படி புதிய தேர்தல் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மேர்களின் நாற்காலிகளில் அரசு அதிகாரிகள் அமர்ந்தனர். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டுகள். 1968இல் இருபத்தொரு வயதில் முதல் வாக்கை அளித்தவர், இரண்டாம் முறை வாக்களிக்கச் செல்கையில் ஐம்பத்தொன்பது வயதினர்; பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார். நமது மூதாட்டி இரண்டையும் கண்டவர். அவர் வாழ்நாளில் உள்ளாட்சிக்கு வாக்களித்தது அந்த இரண்டே முறை.

இடையில் 1993இல் அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் வந்தன. பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று 243ஈ பிரிவு ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு. பட்டியல் இனத்தாருக்கு மக்கள்தொகைக்கேற்ற பங்கு. புதுச்சேரியின் சட்டமும் 1994இல் திருத்தப்பட்டது. எனினும் இடஒதுக்கீடு பற்றிய வழக்குகளால் மேலும் ஒரு பத்தாண்டு கழிந்தது.

2006ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நான் பாகூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பங்குப்பணி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து நகராட்சிகள், பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள் அனைத்துக்கும் தேர்தல். கோயில் திருவிழாவுக்குக் கூடாத கூட்டம் வாக்குச்சாவடியில் கூடியது. எங்கள் பங்கில் நடவு வேலைக்குச் செல்லும் பெண் ஒருவர் வார்டு உறுப்பினரானார். முதல் கூட்டத்துக்கு முந்தைய நாள் என்னிடம் வந்து, "அங்க போயி நான் எங்க ஒக்கார்றது, சாமி?" என்று கேட்டார். இரண்டாண்டு கழித்து அதே பெண், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் என்பதில் தம்மைவிட மூத்தவர்களோடு வாதாடி வென்று வந்தார். 2011இல் அவர்களுடைய பதவிக்காலம் முடிந்தது, புதியவர்கள் வரவில்லை. அந்தக் கூட்டங்களுக்கு வந்த அழைப்புத் தாள்களை அவர் இன்றும் குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு பையில் வைத்திருக்கிறார்.

2011க்குப் பின் வந்த காரணங்களை அடுக்கினால் படிப்போர்க்கு அலுப்புத் தட்டும். ஆனால் காரணங்கள்தாம் இங்கே கதை. வார்டு மறுவரையறை முடியவில்லை என்பது முதற் காரணம். 2018 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை விரைந்து முடித்துத் தேர்தல் நடத்துமாறு பணித்தது. அடுத்து, மாநிலத் தேர்தல் ஆணையரை யார் நியமிப்பது என்பதில் அன்றைய அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் பிணக்கு, அதில் ஈராண்டு. பின்னர்ப் பெருந்தொற்று. ஒருவழியாக 2021 செப்டம்பரில், அக்டோபர் 21, 25, 28 ஆகிய நாள்களில் மூன்று கட்டமாகத் தேர்தல் என்று அறிவித்தனர். வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் நவம்பர் 2, 7, 13 என்று நாள். இம்முறை பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டிருந்தது, எதிர்ப்பு எழுந்தது, தேர்தல் நின்றது. பிற்படுத்தப்பட்டோர் நிலையைக் கணக்கெடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பின்னும் ஆண்டுகள் உருண்டன.

இதில் யாரையும் தீயவர் என்று சுட்டுவது எனக்கு எளிதாயில்லை. பிற்படுத்தப்பட்டோரின் கோரிக்கையில் நியாயம் உண்டு. முறையான கணக்கெடுப்பின்றி ஒதுக்கீடு செல்லாது என்ற நீதிமன்ற நெறியிலும் நியாயம் உண்டு. எங்கள் தலித் கிறித்தவ மக்களுக்கோ இந்தப் பட்டியல் வழக்கு பழைய புண். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவத்தைத் தழுவிய தலித்து பட்டியல் இனத்தவர் ஆகார். ஆகவே பட்டியல் இனத்தாருக்கு ஒதுக்கப்படும் வார்டில் அவர் நிற்க இயலாது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஒருவர் நிற்கலாம், மற்றவர் நிற்கலாகாது. 1884ஆம் ஆண்டின் மூன்று பட்டியல்கள் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் தீர்க்கப்பட வேண்டியவையே. ஆனால் 2011க்கும் 2021க்கும் இடையில் பத்து ஆண்டுகள் இருந்தன. தலை எண்ணுவதற்கு அது போதாதா? 2006 அக்டோபரில் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்தாண்டுக் கெடுவைத் தள்ள மறுவரையறை போன்றவை சாக்காகா என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. உத்திரமேரூர்க் குடவோலையைப் பெருமையோடு மேடையில் பேசுகிற நாம், அங்கே ஒரு வாரியத்தாரின் காலம் 360 நாள் மட்டுமே என்ற விதியை ஏனோ பேசுவதில்லை.

காலந்தாழ்த்துவது எப்படி இயங்குகிறது என்பதை இன்னும் கூர்மையாகக் காண விரும்புவோர், நம் திருச்சபையோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு நாட்டை நோக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே கத்தோலிக்கர் மிக அதிகமாக வாழும் நாடு காங்கோ சனநாயகக் குடியரசு. இந்தியப் பரப்பில் பத்தில் ஏழு பங்கு அளவு. பெல்சியத்திடமிருந்து 1960இல் விடுதலை பெற்றது. நம்மைப் போலவே ஆட்சி மொழியாகப் பிரெஞ்சைப் பெற்ற மண். அங்கே அதிபர் ஜோசப் கபிலாவின் இரண்டாம் பதவிக்காலம் 2016 டிசம்பர் 19ஆம் நாளோடு முடிய வேண்டும். மூன்றாம் முறை நிற்க அரசியலமைப்பில் இடமில்லை. ஆனால் தேர்தலே நடக்கவில்லை. வாக்காளர் பட்டியல் முடியவில்லை, பணம் இல்லை என்றார்கள். காங்கோ மக்கள் இதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயரிட்டனர்: 'கிலிஸ்மான்'. வழுக்கிக்கொண்டு போதல் என்று பொருள். நாற்காலி நகராது, நாள்தான் வழுக்கிக்கொண்டு போகும்.

இடையில் புகுந்து இருதரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தியவர்கள் அந்நாட்டு ஆயர்கள். 2016 டிசம்பர் 31ஆம் நாள், புனித சில்வெஸ்தர் திருநாளன்று, உடன்பாடு கையொப்பமாயிற்று. அடுத்த ஆண்டு முடிவதற்குள் தேர்தல். அடுத்த ஆண்டும் முடிந்தது. அப்போது பொதுநிலையினர் குழு ஒன்று மக்களை அழைத்தது. 2017 டிசம்பர் 31, 2018 சனவரி 21, பிப்ரவரி 25 ஆகிய ஞாயிறுகளில், திருப்பலி முடிந்து கைகளில் செபமாலையும் விவிலியமும் ஏந்தி வீதிக்கு வந்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது, கோயில்களுக்குள் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, உயிர்கள் பலியாயின. இறந்தோருள் துறவறத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணும் ஒருவர். கின்ஷாசா பேராயர் கர்தினால் மொன்செங்வோ இந்த வன்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், 1992 பிப்ரவரி 16இல், நிறுத்தப்பட்ட தேசிய மாநாட்டை மீண்டும் கூட்டுமாறு கேட்டு அதே நகரில் கிறித்தவர் நடத்திய ஊர்வலமும் இரத்தத்தில் முடிந்தது. அந்த மாநாட்டின் தலைவராயிருந்தவரும் அவரே.

தேர்தல் இறுதியில் 2018 டிசம்பர் 23க்குக் குறிக்கப்பட்டது. பத்து நாள்களுக்கு முன் தலைநகரில் வாக்கு இயந்திரக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. மேலும் ஒரு வாரம் வழுக்கியது. டிசம்பர் 30ஆம் நாள் வாக்குப்பதிவு. ஆயர் பேரவை ஏறத்தாழ 40,000 பார்வையாளர்களை நாடெங்கும் அனுப்பியது. அவர்களுள் பெரும்பாலோர் நம் பங்குகளில் காண்பது போன்ற எளிய மக்கள். வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்டிய கணக்கை ஏட்டில் எழுதியோர். சனவரி 10ஆம் நாள் தேர்தல் ஆணையம் ஃபெலிக்ஸ் சிசெகெடி 38.57 விழுக்காடு பெற்று வென்றார் என்றது. மார்ட்டின் ஃபயுலுவுக்கு 34.83. அன்றே ஆயர்கள், இந்த முடிவு தம் பார்வையாளர் திரட்டிய கணக்கோடு பொருந்தவில்லை என்று அறிவித்தனர். ஃபயுலுவின் முறையீட்டை நீதிமன்றம் தள்ளியது. சனவரி 24இல் புதிய அதிபர் பதவியேற்றார். விடுதலைக்குப் பின் அமைதியாக ஆட்சி கைமாறியது அதுவே முதல்முறை என்பதும் உண்மை. எண்ணிக்கையை எவரும் நம்பவில்லை என்பதும் உண்மை. கீழூரை அறிந்த நமக்கு இந்த இரட்டை உண்மை புதிதன்று. 2023 டிசம்பரில் நடந்த அடுத்த தேர்தலிலும் ஒழுங்கீனங்களைக் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பார்வையாளர்கள் சேர்ந்தே சுட்டிக்காட்டினர்.

இவற்றுள் என்னை மிகவும் தொட்டது பேனி என்னும் ஊரின் செய்தி. எபோலா நோயும் பாதுகாப்பின்மையும் காரணம் காட்டி, பேனி, புட்டெம்போ பகுதிகளிலும், மேற்கே யும்பியிலும் வாக்குப்பதிவை 2019 மார்ச்சுக்குத் தள்ளினர். அதாவது அதிபர் பதவியேற்ற பிறகு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் விடுபட்டனர். நாடு வாக்களித்த அந்த டிசம்பர் 30ஆம் நாள் பேனி மக்கள் தாமே ஒரு சாவடி அமைத்தனர். கைகளைக் கழுவிவிட்டு வரிசையில் நின்று, தாளில் பெயரெழுதிப் பெட்டியில் இட்டனர். அந்த வாக்கு எண்ணப்படாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

காங்கோவில் சிந்திய இரத்தத்தையும் இங்கே தேங்கிய கோப்புகளையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் பிழை என்பதை அறிவேன். அங்கே துப்பாக்கி, இங்கே வழக்கு எண். இங்கே சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் முறைப்படி வருகின்றன. ஆயினும் சாக்குகளின் முகம் ஒன்றாயிருப்பதை எப்படிக் காணாதிருப்பது? பட்டியல், எல்லை, ஆணையர், நோய். மேலும், வெற்றிடத்தை அங்கே ஆயர்கள் நிரப்ப நேர்ந்தது. இங்கே அதிகாரியும், சட்டமன்ற உறுப்பினரும், சில வேளைகளில் என்னைப் போன்ற பங்குத்தந்தையும் நிரப்புகிறோம். நிரப்புகிறவர்களுக்கு அது இனிக்கவும் செய்கிறது. யூதாசின் இடம் வெறுமையானபோது பேதுரு அதைத் தாமே சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. ஏறத்தாழ நூற்றிருபது பேர் கூடியிருக்க, பெந்தக்கோஸ்து நாளுக்கு முன்பே சீட்டுக் குலுக்கி மத்தியாவை அமர்த்தினார்கள். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது சீட்டுக் குலுக்கியதைப் பற்றித்தான் விவாதித்தோம். எவ்வளவு விரைவாகக் குலுக்கினார்கள் என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

இதை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்பதும் கேட்கத்தக்கதே. எங்கள் பங்குப்பேரவையின் காலம் முடிந்து மூன்றாண்டுகள் ஆயின. முதலில் பெருந்தொற்று. பிறகு குடும்பப் பதிவேட்டைத் திருத்த வேண்டியிருந்தது. பிறகு அன்பியங்களின் எல்லையை மாற்றி வகுக்கலாம் என்று நானே சொன்னேன். பிறகு எனக்கு மாற்றல் வரலாம் என்ற பேச்சு. ஒவ்வொரு காரணமும் உண்மையானதே. பழைய உறுப்பினர் சிலரை வைத்துக்கொண்டு நானே எல்லாவற்றையும் முடித்துவந்தேன். பணிகளும், பெருமைக்குச் சொல்லவில்லை, விரைவாகவே நடந்தன.

மூதாட்டியின் மனு சென்ற பதினொன்றாம் நாள் தெருவிளக்கு எரிந்தது. வாய்க்கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு, அறிவிப்புப் பலகையில் பங்குப்பேரவைத் தேர்தலுக்கு ஒரு நாளைக் குறித்து எழுதினேன். பாகூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மகள் வீட்டோடு வந்து தங்கியிருக்கும் அந்த முன்னாள் வார்டு உறுப்பினர், திருப்பலி முடிந்து வெளியே வந்தவர், பலகையின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தவக்காலத்திலயும் ஒரு தேதி எழுதியிருந்தீங்க, சாமி" என்றார்.